திரி: ஒரு முறுக்கின் கதை

நன்னிலம் வட்டாரத்தில் அரிவாளால் நெல் அறுத்த காலத்தில், கட்டுக் கட்டுவதற்கு வைக்கோலையே முறுக்கிப் பிரி ஆக்கிக்கொள்வார்கள். இரண்டு பிரிகளை ஒரே பக்கமாக முறுக்கி, பிறகு ஒன்றோடொன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் கயிறு தயார். ஒவ்வொரு பிரியும் அவிழப் பார்க்கும். அந்த அவிழும் வேகமே கயிற்றை இறுக்கிப் பிடிக்கும்!

இந்தக் கைவேலைக்கு உரிய வினைச்சொல் 'திரி'. விளக்குக்குப் போடும் திரியும் முறுக்கிய துணிதான். பால் கெட்டால் 'திரிந்துவிட்டது' என்கிறோம். பொய் சொல்பவன் 'கயிறு திரிக்கிறான்'. சொற்களை நான்கு வகையாக்கிய தொல்காப்பியமும் ஒரு வகைக்குத் 'திரிசொல்' என்றே பெயர் வைத்தது.

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு. 'த்ரோ' என்றால் இன்று எறிதல். 1000 ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் முறுக்குதல், திருகுதல். நூலைக் குறிக்கும் 'த்ரெட்' அதே வேரில் பிறந்தது. முறுக்கப்பட்டது என்பதே அதன் பொருள். பொதுப் பேச்சில் அந்தப் பழைய பொருள் போய்விட்டது. பட்டு இழையை முறுக்கும் வேலைக்கு இன்றும் 'த்ரோயிங்' என்றுதான் பெயர். தொழில் இருக்கும் இடத்தில் பொருளும் தங்கியிருக்கிறது.

இன்று டெல்டா வயல்களில் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. அதில் நசுங்கி, ஒடிந்து விழும் வைக்கோல் பிரி திரிக்க உதவாது. கட்டுவதற்கும் இயந்திரம், சணல் நூல். திரிக்கும் கைகள் ஓய்ந்துவிட்டால், 'கயிறு திரிப்பது' என்றால் பொய் சொல்வது மட்டும்தான் என்று அடுத்த தலைமுறை நினைத்துக்கொள்ளும்.