தடுப்பணைகளுக்கு அடியில் இரு பருவ அளவீடு: யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஏற்ற ஒரு முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடல்நீரேரியைச் சேர்கிறது. ஆகவே இங்கே அணையும் கரையும் முதன்மையாகக் காப்பது உப்பிலிருந்துதான். மாரிவெள்ளத்தைத் தேக்கி, கோடையில் கடல்நீர் ஏறாமல் தடுத்தால் கடல்நீரேரிகள் படிப்படியாக நன்னீராகும், அயற்கிணறுகளும் தேறும் என்பதே தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளின் நோக்கம். 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டமும் இந்த அணைகளையும் நம்பி நின்றது.

இத்திட்டம் பற்றிய பேச்சு பெரும்பாலும் அணைக்கதவுகளைச் சுற்றியே நடக்கிறது. மரக்கதவுகள் உக்கின, ஒழுகின என்பது உண்மையே. ஆனால் கதவுக்கும் கரைக்கும் கீழே, சேற்றையும் மணலையும் தாண்டினால் வெடிப்பும் குகையும் நிறைந்த மயோசீன் காலச் சுண்ணக்கல் கிடக்கிறது. கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுகிறது. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்கின்றன. நிலத்தடி வழிகளுக்கு வேறு சான்று தேவையில்லை. சுண்ணக்கல்லைக் குறைத்து மதிப்பிடுவதன் விலையை இலங்கை ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. சமனலவெவ நீர்த்தேக்கத்தில் 1992 ஒக்டோபரில் நீர் பீறிட்டது அணையை உடைத்துக்கொண்டு அல்ல, வலக்கரை மலையின் உள்ளே இருந்த வழிகளினூடாக. சீமெந்துக் கூழ் செலுத்தியும் அந்தக் கசிவு முற்றாக அடைபடவில்லை.

கரைக்கு அடியைத் தோண்டாமல் அறிய உலகெங்கும் பயன்படுவது மின்தடை அளவீடு. நிலத்தில் வரிசையாக முளைகளை அறைந்து, மின்னோட்டம் செலுத்தி, ஆழத்துக்கு ஆழம் தடைத்திறனைக் கணித்து நிறப்படமாக்குவார்கள். மிசிசிப்பி போன்ற ஆற்றுச் சமவெளிகளில் களிமண் குறைந்த தடையும், நீர் கசியும் பழைய ஆற்றுமணல் கூடிய தடையும் காட்டும். அந்த அளவுகோலை அப்படியே இங்கு கொண்டுவருவது ஆபத்தானது. கடல்நீரின் தடைத்திறன் ஏறத்தாழ 0.2 ஓம்-மீற்றர்தான். உவர்நீர் நிரம்பிய வெடிப்பும், நீரை விடாத களிமண்ணும் படத்தில் ஒரே நிறத்தில் விழக்கூடும். மிகப் பாதுகாப்பான இடமும் மிக மோசமான இடமும் ஒன்றாகத் தெரியும் படத்தை நம்பிப் பணம் செலவிட முடியாது. மாற்று முறைகளும் எளிதில் கைகொடுப்பதில்லை: நிலம் ஊடுருவும் ராடார் அலை உவர்மண்ணில் சிறிது ஆழத்திலேயே மங்கிவிடும், நீரோட்டம் எழுப்பும் இயல் மின்னழுத்தமும் உப்பு கூடக்கூடக் குறையும்.

இங்கே உப்பையே தடயமாக்கலாம் என்பது என் வாதம். மாரி முடிவில் ஏரி மட்டம் உயர்ந்திருக்கும்போது நன்னீர் கசிவுவழியே கடற்பக்கம் செல்லும். கோடையில் ஏரி வற்ற, அதே வழியே உவர்நீர் உள்ளே வரும். ஒரே கோட்டில், ஒரே முளையிடங்களில் இரு பருவத்திலும் அளந்தால் கசிவுவழியின் தடைத்திறன் ஏறி இறங்கும், களிமண்ணில் பெரிய மாற்றம் இராது. மேல்மண் காய்வதாலும் அளவு மாறும். ஆகவே நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழுள்ள மாற்றத்தை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். ஏரி முழுதும் உவராகவே கிடக்கும் வறண்ட ஆண்டில் இம்முறை பயன்தராது. நல்ல மாரியைத் தொடர்ந்தே தொடங்க வேண்டும்.

மாற்றம் மிகுந்த இடங்களில் மட்டும் துளையிட்டு, சாயம் கலந்து ஓட்டத்தை உறுதிசெய்தபின் அடைக்கலாம். அயற்கிணறுகளின் உவர்த்தன்மையையும் அதே வாரங்களில் அளப்பது அவசியம். நீர்ப்பாசனத் திணைக்களமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் இந்த அளவீட்டைச் சேர்ந்து செய்ய வேண்டும். அதன் முடிவு வரும்வரை கரையை உயர்த்தும் எந்தத் திட்டத்துக்கும் நிதி ஒதுக்கக்கூடாது.