வந்தாரை நெய்ய வைத்த ஊர்

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணி போகிறவர்கள் ஜரிகையைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே கேட்கும் பேச்சைக் கவனிப்பதில்லை. சில வீடுகளில் அது தமிழ் கிடையாது. சௌராஷ்டிரம்! பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத் பக்கமிருந்து கிளம்பி, தெற்கே இறங்கி வந்த நெசவாளர்களின் மொழி. அவர்களைப் போய் 'வெளியூர்க்காரங்க' என்று சொல்லிப் பாருங்கள், ஊரே சிரிக்கும்.

லண்டனிலும் இப்படி ஒரு பட்டுக் கதை உண்டு. 1685-ல் பிரான்ஸ் மன்னன் பதினாலாம் லூயி, புராட்டஸ்டன்ட்களின் வழிபாட்டு உரிமையைப் பறித்தான். உயிருக்குப் பயந்து ஆயிரக்கணக்கானோர் இங்கிலாந்துக்கு ஓடினார்கள். நெசவு தெரிந்தவர்கள் கிழக்கு லண்டனில், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் தறி போட்டார்கள். 'நம்ம பிழைப்புல மண்ணைப் போட வந்துட்டாங்க' என்று உள்ளூர்க்காரர்கள் கொதித்தார்கள். கடைசியில், லண்டன் பட்டுக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்தத் தறிகள்தான். பாடம் படித்தார்களா? கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் அதே பகுதிக்கு வந்தபோது மறுபடியும் அதே கூச்சல். 1905-ல், வருகிறவர்களைத் தடுக்கச் சட்டமே போட்டார்கள்.

வெள்ளைக்காரனைத் திட்டுவது சுலபம். நாம் எப்படி?

1983 ஜூலை. கொழும்பு எரிந்தது. ராமேஸ்வரத்தில் படகிலிருந்து இறங்கியவர்களைத் தமிழ்நாடு அணைத்துக்கொண்டது. கல்லூரிகளில் இடம்கூட ஒதுக்கியது. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை. செய்தது விடுதலைப்புலிகள். தண்டனை மட்டும் முகாமில் இருந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து! கல்லூரிச் சலுகை போனது. 'சிலோன்காரங்களா?' என்று கேட்டுவிட்டு, வாடகை வீட்டுக் கதவைச் சாத்தினார்கள். 1992-ல் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. 1996-ல் கல்லூரிக் கதவு மறுபடி திறந்தது. நடுவில் ப்ளஸ் டூ முடித்தவர்களின் வருஷங்களை யார் திருப்பித் தருவது?

2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்கு இன்னமும் குடியுரிமை இல்லை.

ஆரணியில் புடவை வாங்கிக்கொண்டு சென்னைக்குத் திரும்பினால், வழியில் ஸ்ரீபெரும்புதூர் வரும். நான் பி.காம். படித்தவன், கணக்குப் போடும் புத்தி போகாது. சௌராஷ்டிரர்களுக்கு இந்த மண் கொடுத்த அவகாசம் பல நூறு வருஷங்கள். படகில் வந்தவர்களுக்கு, நம்மோடு அதே தமிழ் பேசியவர்களுக்கு, நாம் கொடுத்தது எட்டே வருஷம்.