ஸ்கூட்டரில் வந்த ராக்!

நாற்பது, நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவரா நீங்கள்? அப்படியானால் ரெக்கார்டிங் சென்டர் ஞாபகம் இருக்கும். திருவள்ளூர் பஜாரிலோ, கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்திலோ ஒரு சின்னக் கடை. ஒரு தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், நாலு நாள் கழித்து அறுபது நிமிட கேசட்டில் இளையராஜாவை அடைத்துத் தருவார்கள். சிப்காட் கம்பெனி வேனில் நைட் ஷிஃப்ட்டுக்குப் போனவர்களுக்கு அதுதானே வழித்துணை!

அதே கேசட்டை வைத்துக்கொண்டு கோவாவில் ஒருவர் வேறொரு காரியம் செய்தார். ரெமோ ஃபெர்னாண்டஸ். 'யாருப்பா அது?' என்கிறீர்களா? 'பம்பாய்' படத்தில், தமிழில் ரஹ்மான் குரலில் நாம் கேட்ட 'ஹம்மா ஹம்மா'வை இந்தியில் பாடினாரே, அவரேதான்.

1953-ல் பனாஜியில் பிறந்தவர். அப்போது கோவாவை ஆண்டுகொண்டிருந்தது போர்ச்சுகல். படித்தது பம்பாயில், ஆர்க்கிடெக்சர். ஆனால் கட்டடம் கட்டும் உத்தேசம் அவருக்கு அவ்வளவாக இல்லை போலிருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா என்று லிஃப்ட் கேட்டுக் கேட்டே ஊர் சுற்றினார். திரும்பி வந்தபோது கையில் சொந்தப் பாட்டுகள் இருந்தன. ராக் தாளம், கோவா மண்வாசனை, ஆங்கில வரிகள்.

பம்பாய் ரெக்கார்ட் கம்பெனிகள் உதட்டைப் பிதுக்கின. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியாவில் கேசட் என்றால் சினிமாப் பாட்டு. மிஞ்சினால் பக்திப் பாட்டு. இங்கிருந்த ராக் குழுக்களும் பெரும்பாலும் வெளிநாட்டு ஹிட்டுகளைத்தான் அச்சு அசலாகப் பாடிக்கொண்டிருந்தன. ஒரு இந்தியர், தானே எழுதி, ஆங்கிலத்தில், ராக் பாடினால் எவன் காசு கொடுத்து வாங்குவான்?

ரெமோ கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. வீட்டையே ஸ்டூடியோ ஆக்கினார். அவரிடம் இருந்தது நான்கு ட்ராக் கேசட் ரெக்கார்டர். நம் வீட்டு ஸ்டீரியோ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ட்ராக், திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு. இந்த மெஷின் நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தும். முதலில் தாளம், அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த ட்ராக்கில் கிடார், அப்புறம் குரல். இடம் போதவில்லையா? மூன்றையும் கலந்து நாலாவதில் ஏற்றிவிட்டு, முதல் மூன்றையும் அழித்து மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் 'உஸ்ஸ்' என்ற டேப் இரைச்சலும் கூடிக்கொண்டே போகும். ஏற்றிய பிறகு, 'ஐயோ, டிரம்ஸ் சத்தம் கம்மி' என்று தலையில் அடித்துக்கொண்டாலும் பிரிக்க முடியாது! கம்ப்யூட்டரில் தப்பை ஒரு சொடுக்கில் திருத்தும் இன்றைய பையன்களுக்கு இந்த அவஸ்தை புரியாது.

பாட்டு எழுதியவர், பாடியவர், வாத்தியங்களை வாசித்தவர், பதிவு செய்தவர் எல்லாமே ரெமோ. 1984-ல் 'கோவன் க்ரேஸி' வந்தது, அவருடைய முதல் தனி ஆல்பம். சரி, யார் விற்பது? அதற்கும் ஆள் கிடையாது. கேசட்டுகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கோவாவின் கடைகளுக்குத் தானே கொண்டுபோய்ப் போட்டார்.

விற்றது! அடுத்த வருஷமே 'ஓல்ட் கோவன் கோல்ட்', 1986-ல் போதைப்பொருளுக்கு எதிரான 'பேக் தட் ஸ்மாக்'. 1987-ல் 'ஜல்வா' என்ற இந்தி சினிமா. முன்பு கதவைச் சாத்திய பம்பாயிலிருந்தே ரெக்கார்ட் கம்பெனியும் ஒப்பந்தத்தோடு தேடி வந்தது. 2007-ல் பத்மஸ்ரீ.

ஸ்கூட்டர் மஞ்சள் நிறம் என்று சொல்வார்கள்.