இரட்டைச் செலவுத் தடுப்பு (பிட்காயின்)

ஒரே மின்னணு நாணயத்தை இருவருக்குக் கொடுக்க முடியாமல் செய்யும் ஏற்பாடு. கணினிக் கோப்பை எத்தனை முறையும் நகலெடுக்கலாம் என்பதால், டேவிட் சாமின் டிஜிகேஷ் போன்ற முந்தைய முயற்சிகளில் வங்கியே நடுவில் இருந்து சரிபார்த்தது. 2008-இல் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான கட்டுரை அந்த நடுவரை நீக்கியது. பரிவர்த்தனைகளைப் பதியும் பேரேட்டைக் கணுக்கள் (வலையமைப்பில் இணைந்த கணினிகள்) தாமே சரிபார்க்கின்றன. ஏற்கெனவே செலவான தொகையைச் சுட்டும் பரிவர்த்தனை தள்ளுபடியாகிறது. முரண்படும் இரண்டில் எது நிலைக்கும் என்பதை, அதிகக் கணிப்பு உழைப்புச் சேர்ந்த பரிவர்த்தனைத் தொகுதிகளின் சங்கிலி தீர்மானிக்கிறது. பெருந்தொகைக்கு ஆறு தொகுதிகள், ஏறத்தாழ ஒரு மணி நேரம், காத்திருப்பது வழக்கம்.

நகல் எதிர்பாராத வழியிலும் நுழைந்தது. 2010 நவம்பரில், புது நாணயம் வழங்கும் பரிவர்த்தனைகள் இரண்டு, முந்தைய இரண்டின் அடையாள எண்ணையே அச்சு அசலாகக் கொண்டிருந்தன. புதியவை பழையவற்றின் மேல் எழுதப்பட, தலா 50 வீதம் 100 பிட்காயின் செலவழிக்க முடியாமல் போனது. விந்தையாக, நகலால் நாணயம் பெருகவில்லை, குறைந்தது. 2012-இல் பிஐபி-30 (பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு) விதி, முழுதும் செலவாகாத பரிவர்த்தனையின் எண் மீண்டும் வருவதைத் தடுத்தது. பிஐபி-34, தொகுதியின் வரிசை எண்ணைப் புது நாணயம் வழங்கும் பரிவர்த்தனைக்குள் எழுத வைத்தது. 2013 முதல் அது கட்டாயம்.

கணிப்புத் திறனில் பாதிக்கு மேல் ஒரே கையில் சேர்ந்தால் இரட்டைச் செலவுத் தடுப்பு உடையும். எத்தீரியம் கிளாசிக் என்ற மற்றொரு மின்னணு நாணயம் 2019-இலும் 2020-இலும் அவ்வாறு தாக்கப்பட்டது.