நிலத்தில் நிறையின்மை

புவியீர்ப்பை ஆய்வுகூடத்தினின்று அகற்றுதல் எவர்க்கும் இயலாது. கோபுரத்தினின்று வீழும் பொருளுக்கு நிறையின்மை வாய்க்குமாயினும் சில விநாடிகளில் அது முடிந்துவிடும். விண்வெளியினின்று மீண்டோர் எழுந்து நிற்கையில் மயங்குவதன் காரணத்தை அறிய அது போதாது. ஆதலின் ஆராய்ச்சியாளர், நிறையின்மையை விடுத்து அதன் விளைவைப் போலிசெய்ய முற்பட்டனர்.

அவ்விளைவுகளுள் முதன்மையானது குருதி கால்களினின்று மார்பை நோக்கி இடம்பெயர்தலாகும். அதன் பயனை விண்வெளிப் பயணங்களுக்கு முன்னரே ஒருவாறு உய்த்துணர்ந்திருந்தனர். 1956இல் ஹென்றி, கோயர் முதலியோர் மயக்கமூட்டிய நாய்களின் இடச் சோணையறையினுள்ளே சிறு பலூனை விரித்தனர், சிறுநீர் பெருகிற்று. சோணையறை விரிதலை உடல் நீர்மிகுதியெனக் கொண்டு, நீரைத் தடுத்துவைக்கும் வாசோபிரெசின் என்னும் ஓமோனைக் குறைக்கின்றது என அவர்கள் கருதினர். 1981இல் கனடாவில் டி போல்ட் என்பார் எலியின் சோணையறைச் சாற்றை வேறோர் எலிக்கு ஊட்டியபோது சோடியமும் நீரும் விரைந்து வெளியேறின. இதயமும் ஓமோன் சுரக்கும் உறுப்பே என்பது அன்று துலங்கிற்று.

இவற்றை நாட்கணக்கில் ஆராயும் வழியை, 1970களில் நாசாவின் ஏமிஸ் நிலையத்தில் எமிலி மோரே-ஹோல்ற்றன் வகுத்தார். பின்னர் நிலைபெற்ற வடிவில், எலியின் வால் கப்பியொன்றில் இணைக்கப்படும், தலை தாழ்ந்து, உடல் ஏறத்தாழ 30 பாகை சாயும், பின்கால்கள் நிலந்தொடா. முன்கால்களால் எலி நடந்து உண்ணும். குருதி முன்னோக்கிப் பெயர்ந்தது. பின்கால்களின் தசை மெலிந்தது. வேலை செய்யும் ஆற்றலும் குன்றிற்று.

ஆயின் முதற் சில நாட்களிற் கோட்டிக்கோஸ்தெரோன் என்னும் அழுத்த ஓமோன் உயர்ந்தது, நிறை நீங்கியதனாலா, தொங்கும் அச்சத்தினாலா? இவ்வையத்தை நீக்கவே, வாலிற் கட்டுண்டும் நாற்கால்களும் நிலத்தில் ஊன்றிய எலிகளை ஒப்பீட்டுக்கு வைத்தனர். இது நல்ல ஏற்பாடே.

பெரிய திருப்பம் 1991 யூனில் நேர்ந்தது. கொலம்பியா ஓடத்தில் 29 எலிகளோடு சென்ற விண்வெளி வீரர் ஒருவர் நாளத்தினுட் குழாய் தாங்கியிருந்தார். உயருமென எதிர்பார்த்த மைய நாள அமுக்கம் தாழ்ந்தது! மார்பை அழுத்தும் நிறை அங்கில்லாமையால், அமுக்கம் தாழ்ந்தும் இதயம் நிறைந்திருக்கலாயிற்று என விளக்கினர். தொங்கும் எலியின் மார்பையோ புவி இன்னும் ஈர்த்துக்கொண்டிருக்கின்றது.

முறை கைவிடப்படவில்லை, பெயரே மாறிற்று. 'போலி நிறையின்மை' என்பதற்கு ஈடாகப் 'பின்கால் சுமைநீக்கம்' என்றே இன்று பெரிதும் வழங்குவர்.