மட்டக்களப்பு வாவியும் லொறிச் சட்டமும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

சொந்தத் தேவைக்காக ஒரு பெரிய லொறியை வாடகைக்கு எடுத்து ஓட்டிச் செல்ல விரும்பும் ஒருவரிடம் சட்டம் எதையெல்லாம் கேட்கிறது? நெல் ஏற்றவோ, வீடு மாறவோ, கட்டடப் பொருட்கள் கொண்டுவரவோ எண்ணும் எவருக்கும் எழக்கூடிய சாதாரண கேள்வி இது. இன்று இதற்குரிய விடையை ஒரே தாளில் எழுதிவிடலாம். ஆயினும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அந்த ஒரு தாளுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. எங்கள் மக்களிற் பலர் வாகனப் பத்திரங்களை இன்றும் ஒரு தொல்லையாகவே கருதுவது ஏன் என்பதை அந்தக் கதைதான் சொல்லும். பல ஆண்டுகள் செய்தி தேடி இவ்வீதிகளில் அலைந்தவன் என்ற வகையில், அதனை இங்கே சுருக்கமாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

இரு கரைகள்

வெளியூர் வாசகர்களுக்காக முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் கரை. மேற்கே உள்ளது படுவான்கரை. வயல்கள் பெரும்பாலும் படுவான்கரையில். சந்தை, ஆஸ்பத்திரி, கச்சேரி, கடைத்தெரு எல்லாம் எழுவான்கரைப் பக்கத்தில். விளைந்த நெல் வாவியைக் கடந்தால்தான் காசாகும்.

வாவியைக் கடக்க மண்முனை, அம்பிளாந்துறை, குருமண்வெளி போன்ற துறைகளில் ‘பாதை’ ஓடியது. எங்கள் பகுதியில் பாதை என்றால் வீதி அல்ல. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவை. பாதை எவ்வளவு சுமக்குமோ அவ்வளவுதான் வண்டி. ஆகவே படுவான்கரை விவசாயிக்கு லொறியின் நிறை எவ்வளவு என்ற கேள்வியைச் சட்டத்திற்கு முன்பே தண்ணீர் கேட்டுவிட்டது.

கல்லடியில் 1924ஆம் ஆண்டு இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. அப்போதைய தேசாதிபதி சேர் வில்லியம் மனிங்கின் மனைவியின் பெயரால் அது ‘லேடி மனிங் பாலம்’ எனப்பட்டது. ஒரே நேரத்தில் ஒரு திசையில் மட்டும் வாகனம் செல்லக்கூடிய ஒடுங்கிய பாலம். எதிர்ப்பக்கத்து வண்டிகள் வந்து முடியும்வரை இப்பக்கம் காத்து நிற்க வேண்டும். ஒரு லொறி பழுதாகி நடுவில் நின்றால் இரு பக்கமும் நின்றுவிடும். ஒரு மாவட்டத்தின் போக்குவரத்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் இப்படியே நடந்தது என்பதை இன்றைய இளைஞர்கள் நம்ப மறுப்பார்கள்!

சட்டம் வந்த வழி

வீதிக்கும் சட்டத்திற்கும் உள்ள உறவு மோட்டார் வாகனத்தோடு தொடங்கியதன்று. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும் அல்லது மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என்றது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். குடிமகனிடம் அரசு வாங்கும் ஒன்றாகவே எங்கள் நாட்டில் வீதிச் சட்டம் அறிமுகமாயிற்று.

மோட்டார் வாகனங்கள் பெருகியபின் 1927இல் ஒரு மோட்டார் வாகனக் கட்டளைச் சட்டமும், 1938இல் அதனினும் விரிவான 45ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்தன. இந்த இரண்டாவது சட்டத்தில் ஒரு முக்கியமான கருத்து இருந்தது. வாகனத்தால் காயமடையும் மூன்றாம் ஆளுக்கு நட்டஈடு கிடைப்பதற்காகக் காப்புறுதி கட்டாயம் என்பதே அது. பிரித்தானியா 1930இல் செய்ததை இலங்கை பின்பற்றியது. அரசு வாங்குவது மாத்திரமன்றி, வீதியில் நடந்து செல்லும் ஏழைக்குச் சட்டம் ஒன்றைக் கொடுக்கவும் தொடங்கியது இங்கேதான்.

அதே காலத்தில் லொறியைப் பற்றி உலகெங்கும் மற்றொரு விவாதம் நடந்தது. புகையிரதத்தின் வருமானத்தை லொறிகள் பறிக்கின்றன என்ற கவலை அது. பிரித்தானியா 1933இல் லொறிகளை வகைப்படுத்தி, கூலிக்குப் பொருள் ஏற்றுபவருக்கு ஒரு விதமும் தன் சொந்தச் சரக்கை ஏற்றுபவருக்கு வேறு விதமுமாக அனுமதி வழங்கியது. இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் பொதுச் சுமையேற்றுநர், தனியார் சுமையேற்றுநர் என்று பிரித்தது. ‘சொந்தத் தேவைக்கு’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இவ்வளவு கனம் ஏன் வந்தது என்பதற்கு இதுவே பின்னணி. மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928இல். அதன் பின்னர் எங்கள் நெல்லும் மீனும் தண்டவாளத்திலா, தார் வீதியிலா என்ற போட்டி இங்கேயும் இருந்தது.

சுதந்திரத்திற்குப் பின், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் பிறந்தது. பல திருத்தங்களோடு இன்றும் லொறியை ஆள்வது அச்சட்டமே.

ஓர் எழுத்தின் விலை

வாகனச் சட்டத்தை எங்கள் மக்கள் முதன்முதலில் அரசியலாக உணர்ந்தது 1957இல். அதுவரை இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. அவ்வாண்டு ஜனவரி முதல் புதிதாகப் பதியப்படும் வாகனங்கள் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைத் தாங்க வேண்டும் என்றானது. போக்குவரத்து அமைச்சர் அப்போது மைத்திரிபால சேனநாயக்க. தமிழர் பகுதிகளில் எதிர்ப்பு எழுந்தது. சிலர் தமிழ் ‘ஸ்ரீ’யை எழுதி ஓடினர்.

1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. சிங்கள ஸ்ரீ தாங்கிய அதன் பஸ்கள் வடக்கு கிழக்கிற்கு வந்தபோது, தார்ச்சட்டியோடு இளைஞர்கள் வீதிக்கு வந்தனர். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தாரால் அழிக்கப்பட்டன. ஏப்ரல் 9ஆம் திகதி பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. இவ்வியக்கத்திற்காகத் தந்தை செல்வா சிறைத்தண்டனையும் பெற்றார். மே மாதம் கலவரம் மூண்டது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குச் செல்லும் புகையிரதப் பாதையும் பிரதான வீதியும் பொலன்னறுவையை ஊடறுத்தே செல்கின்றன. அங்கேதான் மே 22ஆம் திகதி புகையிரத நிலையத்தில் தாக்குதல் நடந்தது.

லொறி உரிமையாளர் ஒருவரின் இடத்தில் நின்று இதைப் பாருங்கள். தகட்டில் தமிழ் எழுத்தை எழுதினால் சட்ட மீறல். சிங்கள எழுத்தை விட்டால் இங்கே தார். சரக்கோ கொழும்புக்குப் போயாக வேண்டும். பின்னாளில் தகடுகளில் வெறும் இலக்கங்கள் வந்தன. 2000ஆம் ஆண்டு முதல் மீண்டும் ஆங்கில எழுத்துகள் வந்தன. எழுத்து மாறிவிட்டது. ஆனால் வாகனத்தின் தாளும் தகடும் ‘அவர்களுடையவை’ என்ற எண்ணம் மனங்களில் தங்கிவிட்டது.

சோதனைச் சாவடிச் சட்டம்

யுத்த காலத்தில் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்திற்கு மேலே வேறொரு சட்டம் ஏறி அமர்ந்தது. 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழான அவசரகால விதிகள் அவை. எரிபொருள், சீமெந்து, பற்றரி, உரம் போன்றவற்றைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்லத் தடையோ கட்டுப்பாடோ இருந்தது. படுவான்கரையின் பெரும்பகுதி அத்தகைய பகுதியாக நெடுங்காலம் இருந்தது. வவுணதீவிலும் பட்டிருப்பிலும் சாவடிகள். கொழும்பு வீதியில் புணானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி. சாக்குகள் இறக்கப்பட்டு, குத்திப் பார்க்கப்பட்டு, மீண்டும் ஏற்றப்பட்டன. ஏற்றி இறக்கும் கூலி விவசாயியின் தலையில் விழுந்தது. மறுகரையில் புலிகளின் வரியும் இருந்தது.

வீதியே கொலைக்களமான நாட்களும் உண்டு. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில், காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகளும் வியாபாரிகளும் புலிகளால் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். தமிழ்ச் சாரதிகளும் சாவடிகளில் இறக்கப்பட்டுக் காணாமற் போயினர். எச்சமூகத்தவரானாலும், அந்நாட்களில் ஒரு சாரதியின் உயிரைக் காத்தது அவரது அனுமதிப்பத்திரமன்று. எதிரே நின்றவரின் மனநிலையே.

இக்காலத்தில் ஒரு தலைமுறை வாகனம் ஓட்டப் பழகியது. வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் புதுப்பிக்கப்படாத வண்டிகள் அக்கரையில் ஓடியதை நானே கண்டிருக்கிறேன். போக்குவரத்துப் பொலிஸார் அங்கே செல்லவில்லை. பத்திரம் புதுப்பிக்க வருவதென்றால் சாவடியைத் தாண்ட வேண்டும். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால், அத்தகைய வண்டி மோதி ஒருவர் கால் இழந்தால் அவருக்கு நட்டஈடு தர எவரும் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1938இல் சட்டம் ஏழைக்குக் கொடுத்த அந்த ஒன்றையும் யுத்தம் பறித்துக்கொண்டது.

பாலங்களுக்குப் பின்

2007இல் படுவான்கரை அரச கட்டுப்பாட்டிற்குள் வந்தது. 2009இல் யுத்தம் முடிந்தது. 2013 மார்ச்சில் கல்லடியில் ஜப்பானிய உதவியுடன் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய இரும்புப் பாலம் அருகிலேயே நிற்கிறது. 2014 ஏப்ரலில் மண்முனைத்துறையிலும் பாலம் வந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து நெல், பாதைக்குக் காத்திராமல் லொறியிலேயே வாவியைக் கடந்தது. தண்ணீர் போட்ட சட்டம் நீங்கியது. இனி எழுத்தில் உள்ள சட்டமே சட்டம். ஆகவே அதை அறிவது முன்னெப்போதையும் விட அவசியம்.

முதலாவது, சாரதியின் தாள். 2009ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்திற்குப் பின்னர் வகைகள் மாறின. மொத்த நிறை 3500 கிலோகிராமுக்கு மேற்பட்டு 17000 கிலோகிராம் வரையான லொறிக்குச் சி1 வகை. அதற்கு மேற்பட்டதற்குச் சி வகை. மொத்த நிறை என்பது வண்டியும் அது சுமக்கக்கூடிய சரக்கும் சேர்ந்தது. வெறும் வண்டியாக ஓட்டினாலும் கணக்கு அதுவே. காருக்குரிய பி வகையை வைத்துக்கொண்டு, “சும்மா பக்கத்து ஊருக்குத்தானே” என்று பெரிய லொறியில் ஏறுவது குற்றம். ஏறுபவர் மட்டுமன்றி, ஏற அனுமதித்த உரிமையாளரும் சட்டத்தின் முன் நிற்க வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பிரித்தானியாவிலும் சி1 என்ற வகை உண்டு; 1997க்கு முன் கார்ப் பரீட்சையில் சித்தியடைந்த பலரிடம் அது தானாகவே இருக்கும். ஆனால் அங்கே அதன் எல்லை 7500 கிலோகிராம். எழுத்து ஒன்று, அளவு வேறு. சர்வதேச அனுமதிப்பத்திரம் கையில் இருந்தாலும் இலங்கையில் அதற்குரிய அங்கீகாரத்தைப் பெறாமல் ஓட்டக்கூடாது; அதில் உங்கள் வாகன வகை அடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வண்டியின் தாள்கள். வருமான அனுமதிப்பத்திரம் 13ஆவது திருத்தத்தின் வழி மாகாணத்திற்கு வந்த விடயம். பிரதேச செயலகத்திலேயே பெறலாம். லொறியாயின் அதற்குத் தகுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். வாடகைக்கு எடுப்பவர் இவை நடைமுறையில் உள்ளனவா என்று திகதியைப் பார்த்தே சாவியை வாங்க வேண்டும்.

மூன்றாவது, காப்புறுதிப் பத்திரம். அதில் ‘பாவனை’ என்ற பகுதியைத் தயவுசெய்து வாசியுங்கள். உரிமையாளர் தன் சொந்தச் சரக்கை ஏற்றுவதற்கென்று எடுத்த காப்புறுதியோடு, வேறொருவர் வாடகைக்கு எடுத்து ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், வண்டியின் சேதத்திற்குப் பணம் மறுக்கப்படலாம். யார் ஓட்டலாம் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கும். இரு தரப்பும் திகதி, நோக்கம், சாரதியின் பெயர் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது நல்லது. வாய்ச்சொல்லில் வண்டி கொடுப்பது எங்கள் ஊர்ப் பெருந்தன்மைதான். நீதிமன்றில் அது சாட்சியாக நிற்பது கடினம்.

அறுவடைக் காலத்தில் சாக்குகளுக்கு மேல் கூலியாட்களை ஏற்றி வரும் லொறிகளை இன்றும் காண்கிறோம். ஏறியிருப்பவர்களுக்குக் காப்புறுதி பொருந்துமா என்று எவரும் கேட்பதில்லை. அவர்களிற் பலர் யுத்தத்தில் ஏற்கெனவே ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்கள்.

ஆறு நாள் வீதி வேலையும், தார் பூசிய தகடும், குத்திப் பார்த்த சாக்கும் எங்கள் நினைவில் உள்ளவரை, வாகனப் பத்திரத்தைக் கண்டால் முகஞ்சுளிப்பது இயல்பே. ஆனால் அந்த மூன்றினுள் எதுவும் காப்புறுதித் தாளுக்குச் சொந்தமானதன்று. அது வழியில் நடந்து போகிறவருக்கும் சாக்கின் மேல் அமர்ந்து வருபவருக்கும் உரியது. லொறியின் சாவியை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் இதனை நினைவிற் கொள்வோமாக.