மாத்திரையை இடிப்பதற்கு முன்: மருந்தின் வடிவமும் மருந்துக் கலவையும்

பூச்சோங் – விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கு மாத்திரையை இடித்துக் கஞ்சியில் கலந்து கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். குழந்தை கசப்பைத் துப்பினால், கேப்சூலைப் பிரித்துப் பாலில் கொட்டுவதும் உண்டு. அன்போடு செய்யப்படும் இந்த வேலையால் சில மருந்துகளுக்கு ஒன்றும் ஆகாது. சில மருந்துகள் பலனற்றுப் போகும். வேறு சில உயிருக்கே ஆபத்தாக முடியும். எது எந்த வகை என்பதை மாத்திரையின் நிறத்தையோ அளவையோ பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களுமாக இருந்த பூச்சோங், இன்று அடுக்குமாடி வீடுகளும் கடைவீடுகளும் நிறைந்த நகரம். பண்டார் புத்ரி, பூச்சோங் ஜெயா, பண்டார் கின்ராரா எனப் பல இடங்களில் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் உள்ளன. மாத்திரையை இடிக்கலாமா, பாதியாக உடைக்கலாமா, நீர்மருந்தாக மாற்ற முடியுமா என்ற கேள்விகளை அங்குள்ள மருந்தாளரிடம் தயங்காமல் கேட்கலாம். அதற்குப் பதில் சொல்வது அவருடைய தொழிலின் ஒரு பகுதி.

டிரஸ்ஸர் கொடுத்த மிக்ஸ்சர்

மருந்தைக் கலந்து கொடுக்கும் கலை நம் சமூகத்துக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்தவர் கம்பவுண்டர். மலாயாத் தோட்டங்களில் அதையே தோட்டத்து டிரஸ்ஸர் செய்தார். காய்ச்சல், வயிற்றுவலி, இருமல் என்று போனவர்களுக்கு அவர் பாட்டிலில் மிக்ஸ்சர் ஊற்றிக் கொடுத்தது இன்னும் பல பெரியவர்களின் நினைவில் இருக்கும். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்காக இந்நாட்டில் 1965-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

அதற்கும் முன்பே சித்த மருத்துவம் மருந்தின் வடிவங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அக மருந்து 32, புற மருந்து 32 என்று வகுத்து, ஒவ்வொன்றும் எத்தனை நாள் தாங்கும் என்றும் குறித்தது. குடிநீருக்கு 3 மணி நேரம், சூரணத்துக்கு 3 மாதம் என்பது அந்தக் கணக்கு. மருந்தை எதில் குழைத்துக் கொடுப்பது என்பதற்கு ‘அனுபானம்’ என்று தனிச் சொல்லும் உண்டு. ஒரே மருந்துச் சரக்கு வடிவம் மாறினால் அதன் வேகமும் ஆயுளும் மாறும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

இன்று பெரும்பாலான மருந்துகள் தொழிற்சாலையில் தயாராகி வருகின்றன. ஆயினும் ஒரு நோயாளியின் தேவைக்கேற்ப மருந்தாளர் தனியாகக் கலந்து தரும் முறை மறைந்துவிடவில்லை.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

தைராய்டு நோயாளிகள் சாப்பிடும் லெவோதைராக்சின் மாத்திரை ஒன்றில் உள்ள மருந்து 50 அல்லது 100 மைக்ரோகிராம்தான் இருக்கும். 1 மைக்ரோகிராம் என்பது 1 கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவைக் கையால் எடுக்கவே முடியாது. எனவே மாவுப்பொருள், சர்க்கரை வகை, ஒட்டுப்பொருள், வயிற்றில் மாத்திரையை உடைய வைக்கும் பொருள் ஆகியவற்றைச் சேர்த்து அதற்கு உருவம் கொடுக்கிறார்கள். நோயைக் கவனிப்பது மருந்துப்பொருள். அதை உரிய இடத்துக்கு, உரிய வேகத்தில் கொண்டு சேர்ப்பவை துணைப்பொருள்கள்.

நீர்மருந்துகளிலும் வகைகள் உண்டு. சிரப்பில் மருந்து முழுவதும் கரைந்திருக்கும். சஸ்பென்ஷன் எனப்படும் கலங்கல் மருந்தில் மருந்துத் துகள்கள் மிதந்துகொண்டிருக்கும். வைத்திருந்தால் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் சில நாள்களுக்கு மருந்து குறைவாகவும், கடைசி நாள்களில் மிக அதிகமாகவும் உள்ளே போகும்.

தோலுக்குப் பூசுபவற்றில் ஆயின்ட்மென்ட் எண்ணெய்ப் பசை கொண்டது. வறண்டு தடித்த தோலுக்கு ஏற்றது. கிரீம் என்பது எண்ணெயும் நீரும் கலந்தது. கசியும் புண்ணுக்கும் மடிப்புள்ள இடங்களுக்கும் பொருந்தும். இன்ஹேலர், கண் சொட்டு, ஆசனவாய் வழி வைக்கும் மருந்து, தோலில் ஒட்டும் பட்டை, ஊசி என ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்ட வடிவமே.

எவற்றை இடிக்கவோ மெல்லவோ கூடாது?

முதலாவது, மெல்ல மெல்ல மருந்தை வெளியிடும் மாத்திரைகள். பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர், எஸ்ஆர், எல்ஏ, சிஆர் போன்ற எழுத்துகள் இருந்தால் அது இந்த வகையாக இருக்கக்கூடும். இனிப்புநீர் நோய்க்கான மெட்ஃபோர்மின் எக்ஸ்ஆர், இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் எல்ஏ ஆகியவை உதாரணங்கள். நாள் முழுவதும் சிறுகச் சிறுக வர வேண்டிய மருந்து, இடித்தால் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். நிஃபெடிபின் அப்படி இறங்கினால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரியலாம்.

இரண்டாவது, குடலில் மட்டுமே கரையும்படி மேற்பூச்சு இடப்பட்டவை. ஒமேப்ரசோல் கேப்சூலுக்குள் இருக்கும் சிறு மணிகள் இந்த வகை. அவற்றை நசுக்கினால் வயிற்று அமிலமே மருந்தைச் சிதைத்துவிடும். மலச்சிக்கலுக்கான பிசகோடில் மாத்திரையைப் பாலோடு எடுத்தால் மேற்பூச்சு வயிற்றிலேயே கரைந்து வலியை உண்டாக்கலாம்.

மூன்றாவது, நாக்கின் அடியில் வைக்க வேண்டியவை. நெஞ்சுவலிக்கான கிளிசரில் டிரைநைட்ரேட் மாத்திரையை விழுங்கினால், கல்லீரல் அதன் பெரும்பகுதியை அழித்துவிடும். அவசர நேரத்தில் கைகொடுக்காது. அதை வாங்கிய கண்ணாடி புட்டியிலேயே வைக்க வேண்டும். பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டிக்கு மாற்றினால் வீரியம் குறையும்.

நான்காவது, இடிப்பவருக்கே தீங்கு செய்பவை. மூட்டு வாத நோய்க்கும் புற்றுநோய்க்கும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட், புரோஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டரைட் போன்றவற்றின் பொடி கர்ப்பிணிகள் மீது படக் கூடாது. வயிற்றில் உள்ள சிசுவை அது பாதிக்கக்கூடும்.

பக்கவாதத்துக்குப் பிறகு மூக்குக் குழாய் வழியாக உணவு எடுப்பவர்களின் குடும்பத்தார் இந்தப் பட்டியலை மருந்தாளரிடம் தவறாமல் சரிபார்க்க வேண்டும். பல மருந்துகளுக்கு நீர்மருந்தோ கரையும் மாத்திரையோ மாற்றாகக் கிடைக்கும். குழாய் வழி கொடுக்கும்போது ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகக் கொடுத்து, இடையில் நீர் விட வேண்டும். எல்லாவற்றையும் பால்மாவில் மொத்தமாகக் கலந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்பதும் தெரியாது.

‘ஒரு கரண்டி’ என்பது அளவல்ல

குழந்தைகளுக்கான பாராசிட்டமோல் நம் மருந்தகங்களில் மூன்று வீரியங்களில் கிடைக்கிறது: 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ளது, 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ளது, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தாக 1 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் உள்ளது.

பொதுவாக ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் 1 கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்கிடுவார்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். முதல் வகையில் அது 6.25 மில்லிலிட்டர். இரண்டாவது வகையில் 3 மில்லிலிட்டர். சொட்டு மருந்தில் 1.5 மில்லிலிட்டர் மட்டுமே. போன முறை 6 மில்லி கொடுத்த நினைவில் சொட்டு மருந்தையும் 6 மில்லி கொடுத்தால், 600 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு, உள்ளே போய்விடும். பாராசிட்டமோல் அளவு மீறினால் கல்லீரல் பழுதடையும். தொடக்கத்தில் அறிகுறி எதுவும் தெரியாமலும் இருக்கலாம்.

எனவே, பாட்டிலை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும். சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. மருந்தோடு வரும் அளவுக் குவளை அல்லது மருந்தகத்தில் கிடைக்கும் வாய்வழி சிரிஞ்சைப் பயன்படுத்துவதே சரி.

பொடியாக வரும் ஆன்டிபயாட்டிக்கை நீர் சேர்த்துக் கலக்கும்போதும் இதே கவனம் தேவை. பாட்டிலில் உள்ள கோடு வரை சரியாக நீர் விட வேண்டும். நீர் குறைந்தால் வீரியம் கூடும். அதிகமானால் நோய் குணமாகாது. கலந்த பிறகு அதன் ஆயுள் வகையைப் பொறுத்து பெரும்பாலும் 7 முதல் 14 நாள்தான். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்கக் கூடாது.

மருந்தாளர் கலந்து தரும்போது

சந்தையில் உரிய வடிவமோ வீரியமோ கிடைக்காதபோது மருந்துக் கலவை தேவைப்படுகிறது. இதயக் கோளாறுள்ள கைக்குழந்தைக்குப் பெரியவர்களின் மாத்திரையிலிருந்து நீர்மருந்து தயாரிப்பது, ஸ்டீராய்டு கிரீமின் வீரியத்தைக் குறைப்பது, படர்தாமரைக்கு பென்சோயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த களிம்பு செய்வது ஆகியவை இதில் அடங்கும். புற்றுநோய் ஊசிகளையும், நரம்பு வழி செலுத்தும் ஊட்டச்சத்தையும் மருத்துவமனைகளில் கிருமி நீக்கிய தனி அறையில், வடிகட்டிய காற்று வீசும் மேடையில் தயாரிக்கிறார்கள்.

வீட்டில் இடிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நான்கு விஷயங்களில் இருக்கிறது. கலக்கலாம் என்று ஏற்கெனவே சோதிக்கப்பட்ட செய்முறை, துல்லியமான தராசு, இன்னொருவர் கணக்கைச் சரிபார்ப்பது, எழுத்துப் பதிவு. காலாவதித் தேதியும் குறுகியது. சோதனைத் தரவு இல்லாத, பதனப்பொருள் சேர்க்காத நீர்மருந்துக் கலவைக்கு அமெரிக்க மருந்துத் தர நூல் தரும் வரம்பு, குளிர்பெட்டியில் 14 நாள்.

மலேசியாவில் மருந்தாளர்கள் 1951-ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு பெற்றவர்கள். 1952-ஆம் ஆண்டின் நச்சுப் பொருள் சட்டம் எந்த மருந்தை யார் கொடுக்கலாம் என்பதை வகுக்கிறது. 1984-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, விற்பனைக்கு வரும் மருந்துகள் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவாக வேண்டும். குறிப்பிட்ட ஒரு நோயாளிக்காக மருத்துவரோ மருந்தாளரோ கலந்து தருவதற்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. கலந்த மருந்தை மொத்தமாகச் செய்து யாருக்கும் விற்கலாம் என்பது அதன் பொருளல்ல.

துணைப்பொருள் உயிரைப் பறித்த வரலாறு

1937-இல் அமெரிக்காவில், மாத்திரையாகப் பயன்பட்டு வந்த சல்ஃபானிலமைடு மருந்தை நீர்மருந்தாக்க விரும்பிய நிறுவனம் ஒன்று, அதை டைஎத்திலீன் கிளைக்கோல் என்ற திரவத்தில் கரைத்தது. சுவையும் மணமும் பார்த்தார்கள்; நச்சுத்தன்மையைச் சோதிக்கவில்லை. சிறுநீரகம் செயலிழந்து 100-க்கும் அதிகமானோர் மாண்டனர். மறு ஆண்டே அந்நாட்டின் மருந்துச் சட்டம் மாற்றப்பட்டது.

அதே நஞ்சு 2025-இல் தமிழ்நாட்டுப் பெயரோடு செய்தியில் வந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். தமிழ்நாட்டு அரசு ஆய்வகச் சோதனையில் அந்த மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கோல் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்படும் வரம்பு 0.1 விழுக்காடு. தொழிற்சாலையின் உரிமம் ரத்தானது. உலக சுகாதார நிறுவனம் அக்டோபரில் எச்சரிக்கை விடுத்தது.

இரு சம்பவங்களிலும் உயிரைப் பறித்தது மருந்துப்பொருள் அல்ல. அதைச் சுமந்து வந்த திரவம். ஊரிலிருந்து வருபவர்கள் கொண்டு தரும் சிரப்பையும், இணையத்தில் விற்கும் பெயர் தெரியாத மருந்தையும் குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மருந்தகத்தில் கேட்க வேண்டியவை

• இந்த மாத்திரையை உடைக்கலாமா, இடிக்கலாமா? நடுவில் கோடு இருந்தால் பாதியாக உடைக்க இடமிருக்கலாம். ஆனால் இடிக்கலாம் என்று பொருளல்ல.

• விழுங்க முடியாதவருக்கு நீர்மருந்து, கரையும் மாத்திரை, ஒட்டும் பட்டை என வேறு வடிவம் உண்டா?

• நீர்மருந்தின் வீரியம் என்ன, குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லிலிட்டர்?

• திறந்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம்? பல கண் சொட்டு மருந்துகளைத் திறந்த 4 வாரங்களில் வீசிவிட வேண்டும்.

• குளிர்பெட்டியில் வைக்க வேண்டுமா? திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. நிறுத்தி வைத்த காரில் எந்த மருந்தையும் விட்டுச் செல்லக் கூடாது.

• பெட்டியில் எம்ஏஎல் என்ற எழுத்துகளோடு தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் பாதுகாப்பு வில்லையும் உள்ளனவா? மூட்டுவலிக்கு உடனடி நிவாரணம் என்று விற்கப்படும் பதிவு பெறாத பொடிகளில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கண்டுபிடிக்கப்பட்ட சம்பவங்கள் இந்நாட்டில் பல.

கிளினிக்கில் மருந்து வாங்கினாலும், உறையில் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், வீரியம், எடுக்கும் முறை, தேதி ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரும்படி கேட்கலாம்.

அளவு மீறிக் கொடுத்துவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல், மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோயாளி மயக்கமாக இருந்தால் 999-ஐ அழைக்க வேண்டும்.